எடை மெஷினில் ஏறப் பயமா? பயத்தைத் தாண்டி எடை குறைக்கத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று நான்கு வருடம் பரணில் கிடந்தது. பழைய துண்டைச் சுற்றி, கொலுப்பெட்டிக்குப் பின்னால் நான்தான் வைத்தேன். எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நான்கு வருடமும் இருந்தது. இரண்டு முறை காலையில் நடக்கத் தொடங்கினேன். ஒரு முறை ராத்திரி சோற்றை நிறுத்திப் பார்த்தேன். ஆனால் மெஷினை மட்டும் கீழே இறக்கவில்லை. எண்ணைப் பார்க்காத வரைக்கும் அது உண்மையில்லை என்பது போல ஒரு நம்பிக்கை. பார்க்காததால் நடந்தது என்னவென்றால், நடைப்பயிற்சி பலன் தருகிறதா என்பதே தெரியாமல் மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன். இரண்டு முறையும் அப்படித்தான்.

பிறகு இறக்கினேன், ஏறினேன், இன்றைக்கு வரை ஏறிக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இந்தப் பயத்தோடு வருடக்கணக்கில் இருந்தவள், அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள். எனக்கு உதவியதை, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன்: இது யாருக்கு வேண்டாம்

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, ஒரு நாளில் பல முறை எடை பார்ப்பது, எண்ணுக்குப் பயந்து சாப்பாட்டையே வெறுப்பது, இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால், தனியாக எடை பார்க்கத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். அரசு நடத்தும் இலவசச் சேவை, தமிழிலேயே பேசுவார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் இந்த வழிகாட்டியைத் தள்ளி வையுங்கள். அந்த மாதங்களில் எடை ஏறத்தான் வேண்டும், அதைப் பார்ப்பது உங்கள் மருத்துவரின் வேலை.

முதல் படி: அது யாருடைய குரல் என்று கண்டுபிடியுங்கள்

சின்ன வயதில் எனக்கு எடை மெஷின் என்றால் அவ்வளவு பிடிக்கும். ரயில்வே ஸ்டேஷனில் நிற்குமே, உயரமாக, கலர் கலராக பல்பு எரிந்துகொண்டு, கண்ணாடிக்குள் வட்டத் தகடு சுற்றிக்கொண்டு, அது. அப்பாவிடம் காசு வாங்கி, ஏறி நின்று, பல்பெல்லாம் நிற்கும் வரை காத்திருந்து காசைப் போட்டால், ‘டக்’ என்று ஒரு சின்ன அட்டை வந்து விழும். எடை ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம். நானும் அண்ணனும் பலனைத்தான் முதலில் படிப்போம். எடை எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

அப்புறம் எட்டாம் வகுப்பில் பள்ளியில் உடல் பரிசோதனை நடந்தது. வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, ஒருவர் எடையைச் சத்தமாகப் படிக்க இன்னொருவர் நோட்டில் எழுதினார். என் முறை வந்தபோது அவர் எண்ணைப் படித்துவிட்டு, “ஏம்மா, வீட்ல உனக்கு மட்டும்தான் சோறு போடுவாங்களா?” என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. ஸ்டேஷன் மெஷினில் நான் ஏறியது அதற்குப் பிறகு இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் பயப்படுவது எண்ணுக்கு இல்லை. எண்ணோடு சேர்ந்து வருகிற பேச்சுக்குத்தான். கல்யாண வீட்டில் “என்னடி, ஒரு சுத்து பெருத்துட்டே” என்ற அத்தை, பிள்ளை பெற்ற ஆறாவது மாதத்தில் “இன்னும் வயிறு உள்ள போகலையா” என்ற பக்கத்து வீட்டுக்காரர், சட்டை எடுக்கும்போது “உங்க சைஸ் இல்லை சார்” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன கடைக்காரர். ஆண்களுக்கும் இது உண்டு, அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு தாளை எடுங்கள். மெஷின் மேல் ஏறி நிற்பதாகக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். உடனே காதில் என்ன வாக்கியம் கேட்கிறதோ அதை அப்படியே, சொன்னவர் பேசிய மாதிரியே எழுதுங்கள். யார் சொன்னது, உங்களுக்கு அப்போது என்ன வயது என்று பக்கத்தில் குறியுங்கள். எனக்கு மூன்று வாக்கியம் வந்தது. மூன்றில் ஒன்றைக்கூட மெஷின் சொல்லவில்லை. இதை எழுதியதால் பயம் அன்றே போய்விடவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று முதல் முறையாகத் தெரிந்தது.

இரண்டாம் படி: மெஷின் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். எனக்குப் பாதிப் பயம் போனதும் இதனால்தான்.

மெஷின் காட்டுவது கொழுப்பின் எடை இல்லை. எலும்பு, தசை, ரத்தம், நேற்று ராத்திரி சாப்பிட்ட இட்லி, இன்னும் வெளியேறாத மலம், சிறுநீர்ப்பையில் இருக்கும் நீர், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். இவற்றில் ஒரே நாளில் அதிகமாக ஏறி இறங்குவது தண்ணீர். ஒரே ஆளின் எடை ஒரே நாளுக்குள் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை மாறுவது சாதாரணம்.

தண்ணீர் ஏன் தங்குகிறது? முதல் காரணம் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு, ஹோட்டல் சாம்பார் என்று உப்பு கூடினால், அதைச் சமன் செய்ய உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டாவது மாவுச்சத்து. சோறும் தோசையும் சர்க்கரையாக மாறி, அதில் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற பெயரில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ ‘மடமட’வென்று குறைவதும், மறுபடி சாப்பிட்டதும் அது திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். குறைந்ததும் முழுக்கக் கொழுப்பு இல்லை, வந்ததும் முழுக்கக் கொழுப்பு இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ராத்திரிச் சோற்றை நிறுத்திய அந்த முறை அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

மூன்றாவது, பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள். ஒன்று, ஒன்றரை கிலோ வரைக்கும் ஏறலாம், வந்த சில நாட்களில் தானே இறங்கிவிடும். நான்காவது, புதிதாக உடற்பயிற்சி செய்யத் தொடங்கிய நாட்கள். வலிக்கும் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது அங்கேயும் நீர் தங்கும். “எக்சர்சைஸ் பண்ண ஆரம்பிச்சதும் வெயிட் ஏறிடுச்சு” என்று நிறுத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ராத்திரி விருந்துக்குப் போய்விட்டுக் காலையில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கிறதா? அது கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால், உடல் அன்றைக்குச் செலவழித்ததற்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு வேளைப் பந்தியில் அது நடக்காது.

மூன்றாம் படி: மெஷினில் முதலில் வேறு எதையாவது நிறுத்துப் பாருங்கள்

பரணிலிருந்து இறக்கிய அன்று நான் ஏறவில்லை. துடைத்து, புது பேட்டரி போட்டு, சமையலறைத் தரையில் வைத்து, 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். 10.1 காட்டியது. அடுத்து குக்கர், அதன் பின் மகளின் புத்தகப் பை. அந்தப் பையைப் பார்த்துத்தான் அன்றைக்கு அதிர்ச்சியடைந்தேன், அது வேறு கதை. ஆனால் அரைமணி நேரம் அந்த மெஷின் வெறும் மெஷினாக இருந்தது. அரிசியை அது எதுவும் சொல்லவில்லை.

மெஷினை எப்போதும் ஒரே இடத்தில், கெட்டியான சமதளத் தரையில் வையுங்கள். மிதியடி, பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். டிஜிட்டல் மெஷின் என்றால் இடம் மாற்றியதும் ஒரு முறை காலால் அழுத்திவிட்டு, பூஜ்யம் வந்த பிறகு ஏறுங்கள். முள் சுற்றும் பழைய மாடல் என்றால், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள். விலை கூடின மெஷின் தேவையில்லை. கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்கள் உடலில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி ஒரு கணக்குப் போடுகின்றன. உடலில் நீர் மாறினால் அந்தக் கணக்கும் மாறும். பயத்தோடு தொடங்குகிறவருக்கு ஒரு எண் போதும், ஐந்து எண் வேண்டாம்.

மூன்றாவது அல்லது நான்காவது நாள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறுங்கள். எண்ணைப் பாருங்கள். இறங்காமல், அங்கேயே நின்று தண்ணீர் முழுவதையும் குடியுங்கள். எண் மாறாது. கையில் இருந்த அரைக் கிலோ இப்போது வயிற்றில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வெறுங்கையோடு ஏறினால் எண் இறங்கியிருக்கும். ‘நான் குண்டாகிவிட்டேன்’ என்று மனது சொல்லும் அரைக் கிலோ எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது, பத்துக் கட்டுரை படிப்பதைவிட மேல்.

இந்தச் சோதனைக்கே கால் வரவில்லை என்றால் அவசரம் வேண்டாம். பயத்துக்குச் சிகிச்சை தரும் மனநல நிபுணர்கள், பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நெருங்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எண் தெரியும் இடத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு ஏறி இறங்குங்கள், இரண்டு நாள். அடுத்த இரண்டு நாள், ஏறியபடி போனில் படம் எடுத்து, பார்க்காமல் வையுங்கள். பிறகு ஒரு நேரம் குறித்து, உட்கார்ந்து, அந்தப் படங்களைத் திறங்கள். நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். அது அடங்குகிற வரை அந்த எண்ணை விட்டு ஓடாமல் இருப்பதுதான் பயிற்சியே.

நான்காம் படி: முதல் எண்

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்காமல், லேசான உடையில் ஏறுங்கள். தினமும் இதே நேரம், இதே நிலை. தனியாக இருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இறங்கியதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதல் நாள் ராத்திரியே முடிவு செய்து வையுங்கள். எனக்கு அது காபி. பாலை முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன்.

87.3. நான் மனதில் வைத்திருந்தது 80. ஏழு கிலோ எங்கிருந்து வந்தது என்று அடுப்பங்கரையில் நின்று யோசித்தேன். அழுகை வந்தது, அழுதேன். பால் பொங்கி வந்ததும் இறக்கினேன். காபி குடித்தேன். மகளுக்கு டிபன் கட்டினேன். சாயங்காலம் அதே உடம்போடுதான் கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்தேன். நான்கு வருடமாக எதைப் பார்த்தால் என்னவோ ஆகிவிடும் என்று நினைத்தேனோ, அதைப் பார்த்த பிறகும் அன்று செவ்வாய்க்கிழமையாகத்தான் இருந்தது.

முதல் எண்ணைத் தேதியோடு எழுதுங்கள். அன்று எழுத வேண்டியது அது மட்டும்தான். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ அட்டவணையை அன்றே தேடாதீர்கள், கல்யாணத்தில் என்ன எடை இருந்தோம் என்று ஆல்பத்தைத் திறக்காதீர்கள், கோபத்தில் மதியச் சாப்பாட்டை விடாதீர்கள். பட்டினி கிடந்தால் ராத்திரி இரண்டு மடங்காகச் சாப்பிடுவோம், மறுநாள் மெஷின் இன்னும் பெரிய பயமாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒரு நாள் எண்ணை விடுங்கள், வாரச் சராசரியைப் பாருங்கள்

தினமும் பார்ப்பதா, வாரம் ஒரு முறையா? அமெரிக்காவில் 1994 முதல் எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பின்தொடரும் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எது உங்களைக் கலங்கடிக்காமல் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், பயம் அதிகம் இருப்பவருக்குத்தான் தினமும் பார்ப்பது நல்லது. வாரம் ஒரே ஒரு எண் என்றால் ஏழு நாள் பாரமும் அதன் மேல் ஏறிவிடும். தினமும் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் லேசாகிவிடும்.

என் நோட்டிலிருந்து இரண்டு வாரம், திங்கள் தொடங்கி ஞாயிறு வரை:

82.4, 82.1, 81.8, 82.3, 81.9, 81.6, 81.9
83.1, 82.6, 81.9, 81.5, 81.3, 81.2, 81.0

முதல் வார ஞாயிறு மதியம் ஒரு கல்யாணம். மறுநாள் திங்கள் 83.1. ஒரே நாளில் 1.2 கிலோ. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் வீண் என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்தின் ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்தால் 82.0. இரண்டாவது வாரம் 81.8. கல்யாணச் சாப்பாடும் சேர்ந்தே 200 கிராம் குறைந்திருக்கிறது. 83.1 காட்டிய அன்று நான் செய்ததெல்லாம் வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை, அவ்வளவே. புதன்கிழமைக்குள் அது இறங்கிவிட்டது.

நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘கல்யாணம்’, ‘தூக்கமில்லை’, ‘பீரியட்ஸ்’, ‘கருவாடு’, ‘மலச்சிக்கல்’. மூன்று மாதத்தில் உங்கள் உடம்பின் போக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எண் ஏறும்போது மனது ‘ஐயோ’ என்று கத்துவதற்குள் கை ‘கருவாடு’ என்று எழுதிவிடும்.

வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். ஒரு கிலோவுக்கு மேல் வாராவாரம் குறைந்துகொண்டே போனால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், தசையும் சேர்ந்து கரையும்.

ஆறாம் படி: ஏறிக்கொண்டே போனால்

மூன்று நான்கு வாரச் சராசரி நகரவே இல்லை, அல்லது ஏறுகிறது என்றால் மட்டும் எதையாவது மாற்றுங்கள். அதற்கு முன் மாற்றாதீர்கள். மாற்றும்போதும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாயங்கால டீயோடு வரும் பஜ்ஜியா, சமையலில் ஊற்றும் எண்ணெயா, சோற்றின் அளவா என்று ஒன்று.

சில விஷயங்களை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள், இன்சுலின் இவையெல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. அதற்காக மருந்தை நீங்களே நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கூடவே கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அதே மாதிரி, நீங்கள் எதுவும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டே போனாலும் சந்தோஷப்பட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

ஏழாம் படி: மெஷினுக்கு மட்டும் தீர்ப்பை விடாதீர்கள்

இன்ச் டேப் ஒன்று வாங்குங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. வயிற்றில் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுவது. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

எனக்குப் பிடித்த அளவுகோல் ரவிக்கை. உள்பக்கம் டெய்லர் விட்டிருக்கும் தையல் வரிசைகளில் கடைசித் தையலையும் பிரித்துவிட்டிருந்தேன். ஐந்தாவது மாதம் அதே ரவிக்கையில் ஒரு தையலை மறுபடி போட்டேன். அந்த மாதம் மெஷின் மொத்தமே 600 கிராம்தான் குறைவாகக் காட்டியது.

சென்னையிலிருந்து வந்த ஒரு ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. மெஷின் அசையாமல் நின்ற அந்த வருடங்களில் உள்ளே ரத்தத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மெஷினை மட்டும் நம்பியிருந்தால் அவர்களில் பலர் பாதியில் விட்டிருப்பார்கள்.

இலக்கையும் சின்னதாக வையுங்கள். இப்போதைய எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். 87 கிலோவுக்கு அது நான்கரைக் கிலோவுக்கும் குறைவு. கல்லூரி காலத்து எடையெல்லாம் இலக்கே இல்லை.

மற்றவர்கள் முன்னால் ஏற வேண்டி வந்தால்

ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. சில மருந்துகளுக்கும் மயக்க மருந்துக்கும் எடையை வைத்துத்தான் அளவு. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில் உங்களுக்கு உரிமை உண்டு. “சிஸ்டர், சத்தமா சொல்லாம எழுதிக்குங்க” என்று ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம் என்றால் திரும்பி நின்றுகொள்ளலாம். நான் முதல் முறை கேட்டபோது அந்த நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு, சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். அவ்வளவு எளிதாக நடக்கும் என்று நினைக்கவே இல்லை. அங்கே மதிய நேரம், செருப்போடு, சாப்பிட்ட பின் பார்த்த எடையை வீட்டு நோட்டில் சேர்க்காதீர்கள்.

உறவினர் கேட்டால், “எவ்ளோ வெயிட் இருக்கே?” என்ற கேள்விக்கு எண்ணைப் பதிலாகத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. “டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கேன் அத்தை, நல்லா இருக்கேன்” போதும். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், மெஷின் மேல் நின்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மெஷின் குளியலறைக்கு வெளியே சுவரோரம் கிடக்கிறது. அவளும் தோன்றினால் ஏறுவாள், எண்ணைப் படிப்பாள், “அம்மா, நோட்ல என் பேரையும் எழுது” என்பாள். அவள் பெயரை எழுதுவதில்லை. அவளுக்கு அது தேவையில்லை, வளரும் வயது. அவளுடைய உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் புதுக் கோடு என் தோளுக்கு வந்துவிட்டது.